மாணவரின் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் 19 ஆண்டுகளாகக் கணினி பழுதுநீக்கும் கடை நடத்தி வருகிறேன். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகிக் கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் நாள்களில், பிள்ளைக்குக் கணினி வாங்குவதற்காகப் பெற்றோர் கடன் வாங்குவதையும் நகையை அடகு வைப்பதையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அப்படி வாங்கிய கணினிகளில் பல, ஓராண்டு முடிவதற்குள் என் மேசைக்குப் பழுதாக வந்து சேர்கின்றன. அவற்றைத் திறந்து பார்க்கும்போது தெரிவதைப் பெற்றோர் கடைக்குப் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் பி.சி.ஏ. இரண்டாமாண்டு படிக்கும் மாணவி ஒருவர் தன் தாயுடன் வந்தார். தாய் தையல் வேலை செய்பவர். மானிட்டருடன் சேர்த்து 23 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய, கடையில் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய அசெம்பிள்டு கணினி, மின்சாரம் போய் வந்த ஒரு மாலையில் அணைந்து, பிறகு உயிர்பெறவே இல்லை. “ஐ5 தான் வேணும்னு கேட்டுத்தானே அண்ணே வாங்கினோம்” என்று அந்தத் தாய் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். விலைத்தாளில் ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு என்று எழுதப்பட்டிருந்தது. (பிராசசர் கணினியின் மூளை; ராம் வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்; எஸ்எஸ்டி கோப்புகள் தங்கும் இடம்; கிராபிக்ஸ் கார்டு திரையில் படம் காட்டும் பாகம்.) எதற்கும் மாடல் எண் இல்லை. ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்தது ஐ5-2400. இன்டெல் நிறுவனம் 2011 ஜனவரியில் சந்தைக்குக் கொண்டுவந்த பிராசசர் அது. அப்போது இந்த மாணவி எல்.கே.ஜி. வயதுக் குழந்தை. அதைத் தாங்கியிருந்தது, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டு; பெயரில்லாத எச்61. ராம் டிடிஆர்3 என்ற பழைய வகை. கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730. இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் தந்துகொண்டிருந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்தால் வெற்று டப்பாவைப் போல எடையே இல்லை. உள்ளே, மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் இரண்டு தலை உப்பியிருந்தன. பழுதாகிப் போகும்போது அந்த எஸ்எம்பிஎஸ் மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. ஒரு பருவம் முழுக்க எழுதிய ஜாவா புராஜெக்ட் அந்த எஸ்எஸ்டியில் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை.

“ஐ5” என்பது ஒரு வரிசையின் பெயர் மட்டுமே. அந்த வரிசையில் எந்தத் தலைமுறை என்பதை அடுத்து வரும் எண்தான் சொல்கிறது. ஐ5-2400 என்றால் இரண்டாம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022இல் வந்த அந்த ஐ3-12100, பெயரில் சிறியதாகத் தெரிந்தாலும், 2011ஆம் ஆண்டின் ஐ5ஐ எல்லா வேலைகளிலும் எளிதில் முந்திவிடும். இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க இன்டெல்லில், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். பழைய பிராசசரில் அந்தச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தந்துவிடுகிறார்கள். திரையில் புதிதாகத் தெரியும் அந்தக் கணினிக்கு அடுத்தடுத்த பெரிய மேம்படுத்தல்கள் முறையாக வந்துசேரும் என்ற உறுதி இல்லை.

இதை எழுதும்போது என் தொழிலில் இருப்பவர்களை மட்டும் குற்றவாளிகளாக்க எனக்கு மனம் வரவில்லை. இது எப்படி நடக்கிறது என்பதை நானே கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். பெற்றோர் நான்கு கடைகளுக்குப் போன் செய்து, “ஐ5, 8 ஜிபி, மொத்தம் எவ்வளவு?” என்று கேட்கிறார்கள். ஒழுங்கான எஸ்எம்பிஎஸ்ஸும் புதிய மதர்போர்டும் போட்டுக் கணக்குச் சொல்பவருடைய தொகைதான் அதிகமாக இருக்கும். அந்த வியாபாரம் அவருக்குக் கிடைக்காது. யாரும் கேட்காத பாகத்தில் கைவைத்து இரண்டாயிரம் ரூபாய் குறைத்தவருக்குக் கிடைக்கும். ஆகவே கேள்வி மாறினால்தான் பதிலும் மாறும். மொத்தத் தொகையைக் கேட்பதற்கு முன், ஒவ்வொரு பாகத்துக்கும் நிறுவனப் பெயர், மாடல் எண், வாரண்டி ஆண்டு, விலை ஆகியவற்றை எழுதிய கொட்டேஷனைக் கேட்டு வாங்க வேண்டும். நான்கு கடைகளிலும் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை கேட்டால் மட்டுமே அந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிக் கணினியின் ஒவ்வொரு பாகத்துக்கும் தருவது அதுதான். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் மின்னழுத்தம் எல்லை மீறினாலோ, ஷார்ட் ஆனாலோ, சுமை கூடினாலோ அது தானாகவே அணைந்துவிடும். தான் பழுதானாலும் மற்றவற்றைக் காப்பாற்றும். எங்கள் தொழிலில் ‘லோக்கல் எஸ்எம்பிஎஸ்’ என்று சொல்லும் 600, 700 ரூபாய்ப் பெட்டியில் இந்தப் பாதுகாப்புகளை நம்ப முடியாது. பெட்டியின் மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதை 12ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். 14 ஆம்பியர் என்றிருந்தால் 168 வாட்தான். சரியான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 33 ஆம்பியரோ அதற்கு மேலோ இருக்கும். அதாவது 400 வாட் அளவுக்கு 12 வோல்ட்டிலேயே கிடைக்கும்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மாணவர் கணினி கடுமையாக உழைக்கும்போதும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. எனவே 600, 700 வாட் என்று பெரிய எண்ணைத் தேட வேண்டியதில்லை. 400 அல்லது 450 வாட்டில், பெயர் தெரிந்த நிறுவனத்தின், மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் சான்று பெற்ற ஒன்று போதும். 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை வாரண்டியும் வருகிறது. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதால், 80 பிளஸ் அமைப்பின் இணையப் பட்டியலில் அந்த மாடல் எண் இருக்கிறதா என்று கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பல பெற்றோரிடம் இதைச் சொல்லும்போது, “வெளியே தெரியாத பொருளுக்கு ஏன் இவ்வளவு?” என்று கேட்கிறார்கள். இந்த 2,000 ரூபாய் வித்தியாசத்தை மிச்சம் பிடித்த பிறகு மதர்போர்டு, எஸ்எஸ்டி, இழந்த படிப்பு நாள்கள் என்று அதைப் போலப் பல மடங்கைக் கொடுத்தவர்களின் கணினிகள்தாம் என் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது வீட்டின் எர்த். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டு வருபவர்கள் பலர். பெரும்பாலும் பழுது எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை; சுவரில் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் மின்சார இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் இரு கம்பிகளிலிருந்தும் உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் முழுவதும் மின்வழங்கலில் ஏறத்தாழப் பாதி அழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்று மட்டும் உணர்கிறோம். ஆனால் உள்ளே உண்மையான கசிவு ஏற்படும் நாளில் காப்பாற்ற எதுவும் இராது. நம் பகுதியின் பழைய ஓட்டு வீடுகளிலும், பின்னாளில் நீட்டி எடுத்த மாடி அறைகளிலும் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. கணினி வீட்டுக்கு வருமுன் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து இதைச் சரிபார்க்கச் செலவாகும் சில நூறு ரூபாயைக் கணினி விலையிலேயே சேர்த்துக் கணக்கிடுமாறு வேண்டுகிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதில் ‘யூபிஎஸ்’ நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி கணினிக்குச் சற்று நீண்டுவிடலாம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 600 விஏ யூபிஎஸ் ஒன்று போதும். கோப்பைச் சேமித்து முறையாக அணைப்பதற்கு அது தரும் சில நிமிடங்களே தேவை.

பிராசசருக்கு வருகிறேன். நிரல் எழுதுதல், கணக்கியல், இணைய வகுப்பு, போட்டித் தேர்வுப் பயிற்சி ஆகியவற்றுக்கு ஐ3-12100, அல்லது இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போதுமானது. கோர் என்பது பிராசசருக்குள் தனித்து வேலை செய்யும் கணக்கீட்டுப் பகுதி. முன்னது நான்கு கோர், பின்னது ஆறு கோர்; இரண்டிலும் படம் காட்டும் திறன் உள்ளேயே இருக்கிறது. இன்டெல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அந்தத் திறன் இல்லை என்று பொருள். சில நூறு ரூபாய் குறைவு என்று அதை வாங்கிவிட்டால் தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் திரையில் ஒன்றும் தெரியாது. ‘டிரே பீஸ்’ என்று அட்டைப்பெட்டி இல்லாமல் விற்பதையும் தவிர்க்கலாம். பெட்டியோடு வரும் பிராசசருக்குத்தான் இன்டெல் நேரடியாக மூன்றாண்டு வாரண்டி தருகிறது. விசிறியும் அதிலேயே வந்துவிடும்.

‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்ற சொல்லில் மயங்குபவர்கள் ஏராளம். அந்த மாணவியின் கணினியில் இருந்த ஜிடி 730, 2014இல் வந்தது. 4 ஜிபி என்பது நினைவகத்தின் அளவே தவிர வேகம் அல்ல. அதில் இருந்ததும் மெதுவான டிடிஆர்3 நினைவகம். 5600ஜிக்குள் இலவசமாக வரும் வேகா கிராபிக்ஸ் அதைவிட வலுவானது. பொறியியல் மாணவருக்கு முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள் உண்மையிலேயே தேவைப்பட்டால், இரண்டாமாண்டிலோ மூன்றாமாண்டிலோ அதற்கேற்ற கார்டைச் செருகிக்கொள்ளலாம். அப்படிச் செருக முடிவதுதான் மேசைக் கணினியின் பெரும் பலம். விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு மடிக்கணினி தவிர வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்; வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய் வருபவருக்கு, ஒரு பாகம் பழுதானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய மேசைக் கணினியே குறைந்த செலவில் நான்காண்டு தாங்கும்.

ராம் விலை இப்போது பெரும் சுமையாகிவிட்டது. மெமரி சிப் தயாரிப்பாளர்கள் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு முதலிடம் தரத் தொடங்கியதால் 2025இன் பிற்பகுதியில் விலை தாறுமாறாக ஏறியது; மைக்ரான் நிறுவனம் ‘குருசியல்’ என்ற தன் சில்லறை விற்பனைப் பிரிவையே கைவிடுவதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. கைபேசிச் செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில், கணினிக்குள்ளேயே கைபேசியைப் போல இயங்கும் எமுலேட்டருடன் வேலை செய்பவருக்கு 16 ஜிபி தேவை. அதற்குக் கையில் பணம் இல்லையென்றால், 4 ஜிபி இரண்டு வாங்காமல் 8 ஜிபி ஒன்றை வாங்கி, இரண்டாவது இடத்தைக் காலியாக வைத்திருப்பது நல்லது. பின்னர் அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்தால் அளவும் இரட்டிக்கும், இரு பாதைகளில் தரவு ஓடுவதால் உள்ளிருக்கும் கிராபிக்ஸின் வேகமும் கூடும். ஐ3-12100க்குப் பொருந்தும் எச்610 மதர்போர்டு டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரு வகைகளிலும் வருகிறது. ஒன்றில் மற்றொன்றின் ராம் பொருந்தாது என்பதால் மாடல் எண்ணை இங்கும் பார்க்க வேண்டும்.

எஸ்எஸ்டியில் பெயரில்லாததை எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம். பிள்ளையின் உழைப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. 500 ஜிபி அளவில், வேகமான என்விஎம்இ வகையில் மூன்று அல்லது ஐந்து ஆண்டு வாரண்டியுடன் ஒன்று போதும். பணம் குறைந்தால் 256 ஜிபி வாங்கலாம், ஆனால் தெரியாத பெயரில் 512 ஜிபி வாங்கக் கூடாது. எதை வாங்கினாலும், வாரம் ஒரு முறை பென் டிரைவிலோ இணையச் சேமிப்பிலோ நகல் எடுத்து வைக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வர வேண்டும். கேபினெட், கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றில் மலிவானதே போதும். நிறம் மாறும் விளக்குகளுக்கும் கண்ணாடிக் கதவுக்கும் தரும் பணத்தை மானிட்டருக்குத் தரலாம். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கப்போவது அதைத்தான். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் திரை, 1920க்கு 1080 தெளிவு, 22 அங்குலம் போதும். நான் சொன்ன பட்டியலில் எல்லாம் சேர்ந்து, ராம் விலையைப் பொறுத்து, 35,000 முதல் 40,000 ரூபாய் வரை ஆகும் என்பது என் கணக்கு.

அந்தத் தொகையும் இயலாதவர்களுக்குப் பழைய கணினி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுத் தள்ளும் டெல், எச்பி, லெனோவா கணினிகளில் எட்டாம் தலைமுறை ஐ5-8500 உள்ளவை கிடைக்கின்றன. 2018இல் வந்த ஆறு கோர் பிராசசர். விண்டோஸ் 11 அதில் முறைப்படி இயங்கும். அவற்றின் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் தரமானவை. ஒரே குறை, அவற்றின் எஸ்எம்பிஎஸ் அந்தந்த நிறுவனத்தின் அளவில் அமைந்தது என்பதால் கடையில் கிடைக்கும் பொதுவான ஒன்று அதில் பொருந்தாமல் போகலாம். பழையது என்று சொல்லி, எண்ணைக் காட்டி விற்பது நேர்மையான வியாபாரம். 2011ஆம் ஆண்டுப் பிராசசரைப் புதுக் கேபினெட்டில் வைத்துப் புதியது என்று விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மென்பொருளிலும் இதே நிலைதான். காசு கொடுக்காமல் விண்டோஸை ‘ஆக்டிவேட்’ செய்து தருவதாகச் சொல்லி, அதற்காக வைரஸ் பாதுகாப்பை அணைத்துவிட்டே கணினியைக் கையில் கொடுக்கிறார்கள். உரிமத்துக்குப் பணம் இல்லையென்றால் விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளங்களாகிய உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ முறையாக, இலவசமாகக் கிடைக்கின்றன. சி, ஜாவா, பைத்தான் ஆகியவற்றை அதில் நன்றாகவே கற்கலாம். தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததை அன்றைய மாணவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

கடைசியாக, பில். “பில் இல்லாமல் என்றால் 18 விழுக்காடு வரி மிச்சம்” என்று சொல்லும்போது பெற்றோர் தலையாட்டிவிடுகிறார்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. சீரியல் எண்களுடன் கூடிய பில் இல்லாவிட்டால் வாரண்டியைக் கேட்பதே பெரும்பாடாகிவிடும். பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. அந்தத் தையல்காரத் தாயிடம் இதைச் சொன்னேன். அவர் கையில் இருந்தது கடையின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுத்தாள்.

கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டு மாணவர்கள் சேரும் முதல் வாரத்தில், தங்கள் பாடத்திட்டத்துக்கு எவ்வளவு ராம், எந்த அளவு பிராசசர் தேவை என்பதை ஒரே ஒரு தாளில் எழுதிப் பெற்றோருக்குக் கொடுக்கலாம். அவர்கள் கொண்டுவரும் கொட்டேஷனை ஓர் ஆசிரியர் ஐந்து நிமிடம் பார்த்துச் சொல்லலாம். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்கு ரயிலேறிப் போகிறவர்களுக்கும், உள்ளூர்க் கடையில் வாங்குகிறவர்களுக்கும் அது ஒன்றுபோல் உதவும். கும்பகோணத்தில் எந்தக் கல்லூரி அழைத்தாலும் கடையை அரைநாள் அடைத்துவிட்டு வந்து, கட்டணம் ஏதுமின்றி அந்த வேலையைச் செய்துதர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்.